‘ஒருமுறை வைத்தால் ஆயுசுக்கும் போதும்’ என்கிறார்களே, நம்பலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. திருமணமாகி ஒரு வருடம் ஆகிறது. மார்பகத்தைப் பெரிதாக்கும் சிகிச்சை பற்றி ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். “ஒருமுறை இம்ப்ளான்ட் வைத்தால் ஆயுசுக்கும் போதும், இந்த மாதத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி” என்றார்கள். செய்துகொள்ளலாமா? பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அட்வான்ஸ் கட்டாதீர்கள். உங்களிடம் பேசியது டாக்டரா, ‘கவுன்சிலரா’? பல இடங்களில் கவுன்சிலர் என்று உட்கார்ந்திருப்பவர் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்தான். கத்தியை எடுக்கப்போகிற சர்ஜன் யார் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவராக இருக்க வேண்டும். சில மாத அழகுக்கலை டிப்ளமோவை வைத்துக்கொண்டு ‘காஸ்மெட்டிக் சர்ஜன்’ என்று போர்டு மாட்டுகிறவர்களைத் தட்டிக் கேட்க ஆளில்லை. மருத்துவக் கவுன்சில் பதிவில் பெயரையும் படிப்பையும் நீங்களேதான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஆயுசுக்கும் போதும் என்பது பொய். இம்ப்ளான்ட் ஒரு சிலிக்கோன் பை. வருடங்கள் போகப் போக வெளியே தெரியாமலே அது கிழியலாம். அதைச் சுற்றி உடம்பு கட்டும் சவ்வு சிலருக்கு இறுகி, வலியும் கொடுக்கும். அதனால் 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்று பார்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தச் செலவும், பின்னால் மாற்றவோ எடுக்கவோ நேர்ந்தால் ஆகும் செலவும் கிளினிக் சொல்லும் பேக்கேஜில் இருக்காது. ‘வாரண்டி’ என்றால் பெரும்பாலும் புதுப் பை மட்டும் கிடைக்கும். ஆபரேஷன் செலவு முழுவதும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

பையின் பெட்டியில் கம்பெனி பெயரும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிரான்சின் பி.ஐ.பி. கம்பெனி மருத்துவத் தரமில்லாத சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. 2019-ல் அலெர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அரிதான ஒருவகை லிம்போமா புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருந்தது. இப்படி ஒரு செய்தி வரும்போது உள்ளே இருப்பது எது என்று சொல்ல அந்தத் துண்டுச்சீட்டுதான் இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெண்ணிடம் அது இல்லை. ஆபரேஷன் செய்த கிளினிக்கையும் மூடிவிட்டார்கள்.

“வேறு நோய் என்று எழுதி இன்ஷூரன்ஸ் வாங்கித் தருகிறோம்” என்பார்கள். அது மோசடி, மாட்டினால் பாலிசியே போகும். அழகுக்காகச் செய்வதற்குக் காப்பீடு கிடையாது. ஆனால் புற்றுநோயால் மார்பகத்தை எடுத்தவர்களுக்கு மறுசீரமைப்பு செய்தால் அந்தத் தடை பொருந்தாது. விபத்து, தீக்காயத்துக்குப் பிறகு செய்வதற்கும் அப்படித்தான். இது தெரியாமல் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. உங்கள் வீட்டில், தெருவில் யாராவது அப்படி இருந்தால் சொல்லுங்கள். காப்பீட்டுக் கம்பெனி மறுத்தால், எழுத்தில் காரணம் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, பால் கொடுப்பது. பலரால் முடியும், சிலருக்குக் குறையும். காம்பைச் சுற்றி வெட்டினால் பால் குழாய்கள் அடிபட வாய்ப்பு அதிகம். மார்பகத்தின் அடி மடிப்பில் வெட்டுவது மேல். ஆனால் கர்ப்பமும் தாய்ப்பாலும் மார்பகத்தின் அளவையே மாற்றிவிடும். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்றால் இப்போது செய்யாதீர்கள். பால் நிறுத்தி ஆறு மாதம் கழித்து, ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.