பத்து நிமிடம் ஓடி நிற்கும் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்
பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைக் கழற்ற வேண்டாம், முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைப் பாருங்கள். கிளிநொச்சியில் எடுத்தால் பரந்தன் தாண்டியதும் நிற்கிறது, கால் மணி நேரம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். மூடியில் ஓர் ஊசித்துளை இருக்கும். நம் செம்மண் புழுதியும் துருவும் அதை அடைத்தால் உள்ளே காற்றுப் போகாது, பெற்றோலும் இறங்காது.

அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்து, கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் அதேதான். பழைய கிளச் கேபிளின் ஒற்றை இழையால் துளையைக் குத்தி, ஊதிப் பாருங்கள்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், மூடியை இறுக்கிவிட்டு, எஞ்சின் சூட்டோடேயே பிளக்கில் பொறி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலில்தான் சந்தேகம். சூட்டில் பெற்றோல் சிந்தாமல் கவனம்.