மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள்

குடியாத்தம் சகோதரிக்கு, அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு மூன்று வருடமாக நன்றாக இருக்கிறீர்கள். இப்போது நாள் தள்ளிப்போய் கர்ப்பம் உறுதியாகிவிட்டது, பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து செய்துவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை நின்றால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்காமல் போகலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

இந்த வகையில் நீங்கள் போடுவதாக எழுதிய மைக்கோஃபெனோலேட், டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் மூன்றில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது மைக்கோஃபெனோலேட்தான். கருச்சிதைவும், காது, உதடு, அண்ணக் குறைபாடுகளும் வர அது காரணமாகலாம். எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆவதில்லை, பதறாதீர்கள். ஆனால் இன்றே உங்கள் சிறுநீரக டாக்டருக்குப் போன் போடுங்கள். நீங்களாக எதையும் விட வேண்டாம். வழக்கமாக அதற்குப் பதில் அசதயோப்ரின் கொடுப்பார்கள். டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் பெரும்பாலும் தொடரும். பிரஷருக்கு லோசார்டன், எனலாப்ரில் மாதிரி ஏதாவது போடுகிறீர்களா? அதுவும் கர்ப்பத்தில் ஆகாது, மறக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பத்தில் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் இறங்கும், அதனால் அடிக்கடி சோதிப்பார்கள். அந்த நாளில் காலை மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறுங்கள். ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். மசக்கை வாந்தியில் மாத்திரை வெளியே வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிறுநீரக மாற்று செய்துகொண்ட பெண் ஒருவர் 1958-இலேயே பிள்ளை பெற்றிருக்கிறார். டாக்டர் வாயால் கேட்டால் மாமியாருக்கும் பயம் குறையும்.