பக்கத்தில் இருக்கும் டாக்டர்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஏழெட்டு மாதமாகத் தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை நெஞ்சு படபடப்பு. பாடம் நடத்தும்போதே கண் கலங்கிவிடுகிறது. சில இரவுகளில், இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.

திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை, மாத்திரை எழுதிவிட்டார். ஒரு வாரம் சாப்பிட்டேன். குமட்டல்தான் மிச்சம், நிறுத்திவிட்டேன். பிறகு ஆன்லைனில் ஒரு கவுன்சலர். பாதி ஆங்கிலத்தில் பேசினார், தினமும் டைரி எழுதச் சொன்னார். அதையும் விட்டுவிட்டேன். சென்னையில் நல்ல தெரபிஸ்ட் யாராவது தெரியுமா? ஆணா பெண்ணா, யாரிடம் போவது நல்லது? மாதம் ஒருமுறை வந்துபோகத் தயார், செலவு பிரச்சினை இல்லை. இங்கே யாரிடமும் போக முடியாது, எல்லோரும் தெரிந்தவர்கள். தங்கைக்கு வரன் பார்க்கிறோம். அம்மா குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். மனைவிக்கு இன்னும் எதுவும் தெரியாது. தயவுசெய்து கீழ்ப்பாக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வி.

அன்புள்ள வி.,

முதலில் அந்த இரவுகள். அப்படித் தோன்றும்போது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துவைத்துவிட்டு மேலே படியுங்கள். எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்துவிட்டால் போனோடு நிற்காதீர்கள். வீட்டில் இருப்பவரை எழுப்பிச் சொல்லி, அவர் துணையோடு பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இந்த எண்ணத்தின் வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும். இரவைக் கடப்பதுதான் அப்போதைக்கு ஒரே வேலை.

சரி, சென்னை டாக்டர். எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் தரமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் நோயைப் பற்றிச் சில வரி இருக்கிறது, ஊரைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது. உங்களுக்கு எது குணம் தரும் என்று பார்த்து நீங்கள் சென்னையைத் தேர்ந்தெடுக்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடம் என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இதேபோல எனக்கு வேறு கடிதங்களும் வருகின்றன. சேலத்துக்காரர் பெங்களூரில் கேட்கிறார், மதுரைக்காரர் சென்னையில் கேட்கிறார், சென்னைக்காரர் வெளிநாட்டில் இருக்கும் யாரிடமாவது வீடியோவில் பேசலாமா என்கிறார். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது.

தென்காசியிலிருந்து சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பொதிகையில் ஏறினால் போக ஓர் இரவு, வர ஓர் இரவு. தூக்கம் கெட்டுப்போனதுதான் நோய் என்று எழுதும் ஒருவர், மாதத்தில் இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கத் திட்டம் போடுகிறார்! மாதம் ஒருமுறை என்பதும் சரிப்படாது. பேச்சுவழி சிகிச்சை என்றால் ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை உட்கார வேண்டும். சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் முறையில், சிபிடி என்பார்கள், வழக்கமாகப் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வு. மாத்திரை என்றால் முதல் சில வாரங்களில் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். இவ்வளவு தடவை போய்வர முடிகிற தூரத்தில் இருப்பவர்தான் உங்களுக்கு நல்ல டாக்டர். அவர் எவ்வளவு புகழ் பெற்றவர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அத்தை, அப்பாவின் தங்கை. பைபோலார் என்று இன்று சொல்கிற நோய் அவருக்கு இருந்தது. சில மாதம் இரவு பகல் தெரியாமல் பேச்சு, பாட்டு, கடன் வாங்கிச் சேலையாக வாங்கிக் குவிப்பது. பிறகு சில மாதம் பாயை விட்டு எழுந்திருக்கமாட்டார். தாத்தா ஊரில் கௌரவமான மனிதர். ஜில்லா தலைநகரத்திலேயே டாக்டர் இருந்தும், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய நகரத்தில் ஆளைப் பிடித்தார். தெருவுக்குச் சொன்ன காரணம், முதுகுவலி. அந்த டாக்டர் திறமையானவர். லித்தியம் கொடுத்தார். அத்தை எழுந்தார். தையல் மெஷின் வாங்கினார், ரவிக்கை தைப்பதில் எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்கிற அளவுக்கு வந்தார். பதினெட்டு முழச் சேலை கட்டிய கிழவியிலிருந்து காலேஜ் பெண்வரை அவரிடம்தான் அளவு கொடுப்பார்கள்.

ஆனால் மாத்திரையின் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாட்டி ஒவ்வொரு மாத்திரையாக அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, கழுவிக் காயவைத்த பல்பொடி டப்பாவில் போடுவார். காலி அட்டை அடுப்புக்குப் போய்விடும். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்க வேண்டும். மருந்தாக வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறுகியது. சோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டும், துணைக்கு ஒருவர் லீவு போட வேண்டும். தாத்தாவுக்கு வயதானதும் போவது குறைந்தது. மாத்திரையை மட்டும் யாரிடமாவது சொல்லி வரவழைத்தார்கள்.

ஒரு கோடையில் அத்தைக்கு வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் வலி. எங்கள் தெரு டாக்டர் வந்தார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சரியாகத்தான் கேட்டார். ‘ஒண்ணும் இல்ல டாக்டர்’ என்று அப்பா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டாக்டர் வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். அந்த வகை வலி மாத்திரையும் அதை ஏற்றும். இரண்டும் சேர்ந்தன. மறுநாள் அத்தைக்குக் கை உதறியது, நாக்கு குழறியது, சுவரைப் பிடித்தும் நடக்க முடியவில்லை. குடித்தவரைப் போலத் தள்ளாடினார். மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் என் அம்மா மடியிலிருந்து அந்தப் பல்பொடி டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதற்காக அம்மா வீட்டில் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

அத்தை பிழைத்தார். கை உதறல் மட்டும் முழுசாகப் போகவில்லை. அதற்குப் பிறகு அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, மெஷினை விற்றுவிட்டார்கள். அவரைக் கெடுத்தது நோயில்லை, லித்தியமும் இல்லை. இன்றும் அது அருமையான மருந்து, லட்சக்கணக்கானவர்களை நிமிர்த்தி உட்காரவைத்திருக்கிறது. ஊருக்குப் பயந்து பக்கத்து டாக்டரிடம் மறைத்தார்கள் பாருங்கள், அதுதான் கெடுத்தது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

தூரத்தில் கொண்டுபோய் மறைப்பதன் உச்சம் என்ன என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். அந்த ஊர் தர்காவில் குணமாகும் என்று நம்பி வந்த குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுப் பக்கத்திலேயே ஒரு டாக்டரும் மாத்திரையும் இருந்திருந்தால், அதை வாங்கக் கூச்சமும் இல்லாமல் இருந்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருப்பார்கள்?

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவை யாராவது உங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். மனநோய் உள்ள எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் போகும்படி இருக்கக்கூடாது, சேவை அவர் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பக்கத்தில் கிடைப்பது உங்கள் உரிமை. அரசு ஒழுங்காகச் செய்யாத இடத்தில் சண்டை போடலாம், நானும் வருகிறேன். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறதே! மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996லிருந்து நாட்டில் நடக்கிறது. தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓபி எந்தெந்த நாள் என்று கேளுங்கள். திருநெல்வேலி மெடிக்கல் காலேஜில் தனித் துறையே இருக்கிறது. சீட்டுப் போட்டு உட்காருங்கள். தெரிந்த முகம் வந்தால் வரட்டும். அவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். உங்களைப் பற்றி டாக்டரோ ஊழியரோ வெளியே சொல்லக்கூடாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது.

கீழ்ப்பாக்கத்தைச் சொல்லாதீர்கள் என்கிறீர்கள். ஓர் ஆசிரியர் எழுதுகிற வரியா இது? 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1961லிருந்து 1978வரை அதை நடத்தினார். ஓய்வுக்குப் பிறகு 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, தீவிர மனநோய் உள்ளவர்களை வேலையோடும் வீட்டோடும் திரும்பச் சேர்க்கப் பாடுபட்டார். 98 வயதில் இறக்கும்வரை இதே சிந்தனை. அங்கே படித்த டாக்டர்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள், நாளைக்கு உங்களைப் பார்க்கப்போகிறவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். உங்கள் வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனை ‘கீழ்ப்பாக்கம்’ என்று கேலி செய்தால் நீங்கள்தான் அதட்ட வேண்டும். நீங்களே அந்தப் பக்கம் நின்றால் எப்படி?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி டாக்டர் ஐந்து நிமிடம் பேசியது குறைதான். ஆனால் அவர் எழுதிய மாத்திரையை ஒரே வாரத்தில் நிறுத்தியது உங்கள் குறை. மனச்சோர்வு மாத்திரைகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலனுக்கு முன்னால் தொல்லை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இந்த முறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, அந்த இரவு எண்ணங்கள், என்ன மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள். தாளைக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடம் இருபது நிமிடத்தின் வேலையைச் செய்யும். தைராய்டுக்கும் ரத்தச்சோகைக்கும் சோதனை எழுதச் சொல்லிக் கேளுங்கள், அவையும் இதே மாதிரி ஆளைப் படுக்கவைக்கும். பேச்சுவழி சிகிச்சைக்கு அங்கே சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

வெளியே போவதானால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்சிஐயின் பதிவு எண் இருக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள், உண்மையானவர் கோபப்படமாட்டார். கவுன்சலர் என்று போர்டு மாட்ட நம் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. உங்கள் டைரிக்காரர் எந்தப் படிப்புப் படித்தவர் என்று எப்போதாவது விசாரித்தீர்களா?

ஆணா பெண்ணா என்பது உங்கள் சௌகரியம். ஆன்லைன் தப்பில்லை, உங்களுக்கு வருகிற தமிழில் அழவும் திட்டவும் முடிந்தால் போதும். நாலு தடவை உட்கார்ந்தும் அவரிடம் உண்மை பேச வாய் வரவில்லை என்றால், அதையே அவரிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடுவதை முயற்சி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். மாத்திரையை உடனே நிறுத்து, மூன்றே அமர்வில் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாவோடு குணசீலம் போங்கள், அவர் மனசைப் புண்படுத்த வேண்டாம். மாத்திரைப் பையும் கூடவே போகட்டும்.

தங்கையின் கல்யாணத்துக்கும் உங்கள் தூக்கத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அண்ணன் டாக்டரிடம் போகிறான் என்று விலகுகிற வீடு, நாளைக்கு உங்கள் தங்கைக்குப் பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்தால் அவளையும் மறைத்துத்தான் வைக்கும். அந்த இடம் போனால் போகட்டும்.

மனைவி விஷயம். ஏழெட்டு மாதமாக ஒரே வீட்டில், மூன்று மணிக்கு எழுந்து உட்காரும் மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உங்களுக்குக் கடன் இருக்கிறதோ, வேறு யாராவது இருக்கிறார்களோ என்று அவர் என்னென்ன நினைத்து மருகுகிறாரோ. இன்றைக்கே சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அப்படியே படிக்கக் கொடுத்தாலும் சரி. ஓபிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரையின் பெயரும் அளவும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், அட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற அலமாரியில் இருக்கட்டும்.