பொழுதுபோக்குக் கைவேலைக்கும் தொழில்முறைக் கைவினைக்கும் என்னதான் வேறுபாடு?

அழகை வைத்துப் பிரிக்க முடியாது. நான் வார இறுதி வகுப்பில் தஞ்சாவூர் ஓவியம் கற்றவன். உடன் படித்த வங்கி ஊழியர் ஒருவர் தீட்டிய கண்ணன் முகம், கடைகளில் தொங்கும் பல படங்களைவிடக் களையாக இருக்கும். வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தங்கத் தாளுக்கு அடியில் இருக்கிறது.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றும் பெயர். முன்பு பலா மரப் பலகை, இப்போது பிளைவுட். அதன்மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, காயவைத்து, வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு நகையும் தூணும் வளைவும் மேடாக எழும்பும்படி மக்கு என்னும் கெட்டிப் பசையை வைத்து, கல் பதித்து, 22 காரட் தாளை ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். எங்களுக்குப் பலகை தயாராகவே வந்துவிட்டது! தொழில்காரரின் அறிவில் பாதி அந்தப் பலகையில்தான் இருக்கிறது. பசை எந்தப் பதத்தில் நிற்க வேண்டும், மழைக்காலத்தில் எத்தனை நாள் கூடுதலாகக் காய வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். ஈரம் உள்ளே தங்கினால் பூச்சு பின்னால் வெடிக்கும்.

என் படம் வெடித்தால் பரணுக்குப் போகும். அவர் படம் வெடித்தால், வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். கல்யாணத் தேதிக்குள் கேட்ட படத்தை, மனம் ஒட்டாத நாளிலும் அதே கோட்டில் அவர் வரைந்தாக வேண்டும். அதற்காகத் தொழில்முறை என்ற பெயருக்கே நான் கும்பிடு போடுவதில்லை. தங்கம் என்று சொல்லிப் போலித் தாளை ஒட்டி விற்பவர்களும் உண்டு. சில ஆண்டுகளில் சாமியின் கிரீடம் கறுத்துவிடும்.

எனக்கு உறுத்துவது விலைதான். எங்களைப் போன்றவர்கள் விற்கும்போது கல், தாள், சட்டம் ஆகியவற்றின் செலவை மட்டும் கூட்டிச் சொல்கிறோம். மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருவதால் கூலி கணக்கில் ஏறுவதே இல்லை. அந்த விலையைக் காதில் வாங்கியவர் தஞ்சாவூருக்குப் போய், புவிசார் குறியீடு பெற்ற படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சென்னையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று பேரம் பேசுகிறார். பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விற்பதானால் கூலியையும் சேர்த்து விலை சொல்லுங்கள், இல்லையென்றால் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சும்மாவே கொடுத்துவிடுங்கள்.