எதிர்க்கருத்துக்காரரின் இரங்கல் கூட்டத்தில் என்ன பேசுவது?

கேள்வி: எங்கள் ஊரில் நெடுங்காலம் அரசியல் விமர்சனம் எழுதிவந்தவர் காலமாகிவிட்டார். அவர் கருத்துகளை மேடையிலேயே எதிர்த்தவன் நான். இரங்கல் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசச் சொல்கிறார்கள். பொய்யாகப் புகழ மனம் வரவில்லை. போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ராஜாஜியின் 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடி, கடுமையாக எதிர்த்தவர் பெரியார். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூறைத் தாண்டிய வயதில் மயானம் வரை வந்து கண்ணீர் விட்டார். அதை வைத்துப் பெரியார் குலக்கல்வியை ஏற்றுக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முன்பே வீட்டுக்குப் போவதானால் அங்கே கருத்து வேறுபாட்டைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். மாலை போட்டு, குடும்பத்தாரிடம் இரண்டு சொல் பேசினால் போதும். கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’ சொல்லக் கூடாது என்பது தெரிந்ததுதான். பழக்கதோஷத்தில் வந்துவிடும், கவனம்.

பேச்சைக் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் மூன்று நிமிடம் தாண்டிவிடும். வேறுபாட்டை முதலிலேயே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: நிறையப் புகழ்ந்துவிட்டு, ‘ஆனால்’ என்று இழுப்பார்கள். கேட்பவர் மனத்தில் நிற்பது ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவது மட்டுமே. அதுவரை புகழ்ந்ததெல்லாம் வீண்.

மிச்ச நேரம் முழுக்க, நீங்கள் மனதார ஒப்புக்கொள்ளும் ஒரே ஒரு விஷயத்துக்கு. ‘சிறந்த சிந்தனையாளர்’, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ எல்லாம் வேண்டாம். உங்கள் வாயிலிருந்து வந்தால் கிண்டலாகத்தான் தொனிக்கும். 2016இல் மறைந்த சோ ராமசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘திராவிட இயக்கத்தைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. நெருக்கடி நிலையை அவர் துணிந்து எதிர்த்தார். துக்ளக் ஆண்டு விழா மேடையில் வாசகர் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார்’ என்று அவரை எதிர்த்தவரும் கூசாமல் சொல்லலாம். உங்கள் ஊர்க்காரரிடமும் இப்படி ஒன்று இருக்கும். மறுப்புக் கடிதத்தை வெட்டாமல் போட்டிருக்கலாம், சொந்தக் கட்சியையே கண்டித்திருக்கலாம். பழைய இதழ்களைப் புரட்டி ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரங்கல் மேடையில் தேதி தப்பினால் அந்த இடத்தில் யாரும் திருத்த மாட்டார்கள். தப்பு அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

‘கடைசிக் காலத்தில் என்னிடம் தனியாக ஒப்புக்கொண்டார்’ என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். மறுக்க அவர் இல்லை.

அவர் கருத்தை விரிவாக மறுத்து எழுத வேண்டுமா? கருமாதி முடியட்டும். வாட்ஸ்அப் குழுவில் பழைய சண்டையை யாராவது கிளறினால் அதுவரை பதில் போடாதீர்கள்.