போரோபுதூரை எந்த வரிசையில் சுற்றிப் பார்ப்பது?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள போரோபுதூர் பௌத்தத் தூபிக்குச் செல்பவர் எங்கே தொடங்க வேண்டும், எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு வாயிலில் ஏறி வலமாகச் சுற்றுங்கள். சைலேந்திர மரபினர் ஆட்சியில், 8, 9ஆம் நூற்றாண்டுகளில், சாந்து இல்லாமல் எரிமலைக் கற்களை அடுக்கி எழுப்பப்பட்ட இத்தூபியில் கதைகள் அந்தத் திசையிலேயே செதுக்கப்பட்டிருப்பதால், எதிர்த்திசையில் நடப்பவருக்கு அவை பின்னிருந்து முன்னாகத்தான் தெரியும்.

மேலே அனுமதிக்கப்படும் நேரம் குறைவு என்பதால், பலர் உச்சிக்கு விரைகிறார்கள்; அது பெரிய இழப்பு என்பேன். முதல் சுற்றுக்கூடத்து உட்சுவரின் மேல்வரிசையில் மட்டும், பிறப்புக்கு முன் இருந்த தேவலோகமான துஷித லோகத்திலிருந்து இறங்குவது முதல் சாரநாத்தின் முதல் உபதேசம் வரை, புத்தரின் வாழ்க்கை 120 சிற்பப் பலகைகளில் விரிகிறது. புத்தரின் தாய் மாயாதேவி துயில, வெண்யானை கனவில் இறங்கிவரும் பலகையின் முன் சற்று நில்லுங்கள். அதே சுவரின் கீழ்வரிசையில் பாய்மரக் கப்பல்களும் உண்டு. பக்கவாட்டில் மிதவைக்கட்டை பூட்டிய அவற்றின் அமைப்பு அக்காலக் கடலோடிகளின் திறமைக்கு நேரடிச் சான்று.

உச்சியின் மூன்று வட்டத் தளங்களில் 72 துளைத் தூபிகள் உள்ளன. கீழிரு தளங்களில் துளைகள் சாய்சதுரம், மேல்தளத்தில் நேர்சதுரம். இறங்கியதும் தென்கிழக்கு மூலைக்குச் செல்லுங்கள்: வினைப்பயனைச் சித்தரிக்கும் 160 அடித்தளப் பலகைகள் கற்களால் மூடப்பட்டிருக்க, சில மட்டும் அங்கே திறந்து வைக்கப்பட்டுள்ளன.