'போனவில்லை' என்று சொல்வோமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "எட்டாவது படிக்கும் மகன் ஆங்கில வெர்ப் (வினைச்சொல்), அதன் இறந்தகாலம் என்று போகும் பட்டியலை ஏ முதல் இசட் வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். பேசச் சொன்னால் 'ஐ டிட் நாட் வெண்ட்' என்கிறான். எழுதினால் 'கேட்ச்டு' வருகிறது. என்ன செய்ய?"

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அகர வரிசையில் 'பை-பாட்' (buy-bought) ஒரு பக்கம், 'திங்க்-தாட்' நாலு பக்கம் தள்ளி. காதுக்கு ஒரே மாதிரி விழுவதை ஒன்றாக எழுதட்டும். பை-பாட், திங்க்-தாட், கேட்ச்-காட், டீச்-டாட் ஒரு கூட்டம். சிங்-சேங், ரிங்-ரேங், டிரிங்க்-டிரேங்க் இன்னொரு கூட்டம். 'ப்ரிங்' பார்வைக்கு இரண்டாவது கூட்டத்து ஆள் போல இருக்கும். ஆனால் 'ப்ராட்' என்று முதல் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கட், புட், ஹிட், ஷட் அசையவே அசையாது. 'ரீட்' எழுத்தில் மாறாது, வாயில் மட்டும் 'ரெட்'.

இனி 'டிட் நாட் வெண்ட்'. இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. "நேற்று டவுனுக்குப் போனேன்" என்போம். இல்லையென்றால் "போகவில்லை". 'போனவில்லை' என்று நம்மூரில் யாராவது சொல்வார்களா? ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துவிடுகிறது. அதனால் பின்னால் வருவது வெறும் 'கோ'. கேள்விக்கும் இதே கணக்கு: 'டிட் யூ கோ?' இதை ஒரு முறை புரியவைத்தால் போதும், பாதிப் பிழை ஓடிவிடும்.

'இந்த ஒழுங்கில்லாத சொற்கள் எதற்கு?' என்று பையன் கேட்பான். கேட்கட்டும். பீ, ஹேவ், டூ, சே, கோ, கெட் என்று ஆங்கிலேயர் ஓயாமல் புழங்கும் சொற்கள்தான் ஒழுங்கு மீறுபவை. வாயில் தேய்ந்துகொண்டே இருந்ததால் பழைய வடிவம் மறக்கவில்லை. அதிகம் புழங்காத பல சொற்கள் இறந்தகாலத்துக்கு 'எட்' (-ed) ஒட்டிக்கொள்ளும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டன. 'வெண்ட்'டோ (went) 'வெண்ட்' (wend) என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். 'கோ' அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. நாமும் நில் என்பதற்கு 'நில்லினேன்' என்பதில்லையே, 'நின்றேன்' தானே?

அப்புறம், தினம் இரவு அன்றைக்கு நடந்ததை ஐந்து வரி எழுதட்டும். அல்வாக் கடை வரிசையில் நின்றானா, 'ஐ ஸ்டுட்'. வாங்கினானா, 'ஐ பாட்'. தாத்தாவுக்குக் கொடுத்தானா, 'ஐ கேவ்'. கொடுக்கவில்லையா, 'ஐ டிட் நாட் கிவ்'. அந்தக் கடைசி வரியை மட்டும் நீங்கள் கட்டாயம் பாருங்கள்.